பஜ்ஜி மிளகாய் திடீரென்று உறைப்பது ஏன்?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மொட்டை மாடியில் ஆறு பஜ்ஜி மிளகாய்ச் செடிகள் வைத்திருக்கிறேன். பக்கத்துத் தொட்டிகளில் இரண்டு வருடமாகக் குண்டு மிளகாய் நிற்கிறது. போன வருடம் பஜ்ஜி நன்றாக இருந்தது. இந்த வருடம் சில காய்கள் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குக் காரம். நறுக்கிய கை ராத்திரி வரை எரிந்தது. குண்டு மிளகாயின் காரம் இதில் ஏறிவிட்டது, அதைப் பிடுங்கிப் போடு என்கிறார் மாமியார். பிடுங்கிவிடலாமா? பூவும் நிறையக் கொட்டுகிறது. விதை கடையில் வாங்கியதில்லை, போன வருடம் எங்கள் செடியிலேயே பழுத்த காயிலிருந்து எடுத்தது."

பிடுங்க வேண்டாம். கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்னீர்களே, போன வருடக் காயின் விதை என்று, பதில் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பஜ்ஜி மிளகாயை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுவில், காம்புப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் வெளிறிய சதையில் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து காயின் உள்சுவரில் இரண்டு மூன்று வெள்ளை நரம்புகள் ஓடும். மிளகாயின் காரமான கேப்சைசின் ஊறுவது இந்தச் சதையிலும் நரம்பிலும்தான். விதையில் காரம் என்று எல்லோரும் சொல்வோம். அது சதையோடு உரசிக்கொண்டு கிடப்பதால் மேலே ஒட்டிய காரம். இந்தச் சதை முழுக்கத் தாய்ச் செடியின் உடம்பு. தேனீ எங்கிருந்து மகரந்தம் கொண்டுவந்து போட்டாலும் அது விதைக்குள் இருக்கும் கருவில்தான் சேரும். ஆகவே பக்கத்துத் தொட்டியில் என்ன நின்றாலும் இந்த வருடக் காயின் காரம் அதனால் கூடாது, குறையாது.

ஆனால் அந்த விதையை எடுத்து அடுத்த வருடம் முளைக்கப் போட்டால் கதை வேறு. அப்போது வருவது கலப்புச் செடி. மிளகாய்ப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துக்கொள்ளும் என்றாலும், தேனீ வந்துபோகும் மாடியில் கொஞ்சமாவது கலக்கும். அதனால்தான் ஆறு செடியும் காரமாகாமல் சில மட்டும் உறைக்கின்றன. மாமியார் சொன்னதில் பாதி சரி. போன வருடமே சொல்லியிருக்கலாம்! நீங்கள் முதலில் வாங்கிய விதை வீரிய ஒட்டு ரகமாக இருந்தாலும் இப்படி ஆகும். அதிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போலவே வராது. குண்டுக்குப் பதில் காந்தாரி நின்றிருந்தால் இவ்வளவு சுலபமாகக் கலந்திருக்காது, அது மிளகாயில் வேறு இனம்.

இன்னொரு காரணமும் இருக்கலாம்: தண்ணீர். வேர் காய்ந்து காய்ந்து ஈரம் பார்த்த செடியில் காரம் கூடும். சித்திரை வெயிலில் மாடித் தொட்டி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். விதையா, தண்ணீரா என்று கண்டுபிடிக்க ஆறு கிண்ணம் போதும். செடிக்கு ஒரு கிண்ணமாகக் காயைத் தனித்தனியே பறித்து, ஒவ்வொன்றிலும் ஓர் இணுக்கு நாக்கில் வைத்துப் பாருங்கள். நுனியைக் கிள்ளி ருசித்தால் ஏமாந்துபோவீர்கள், அங்கே அந்தச் சதை அநேகமாக இருக்காது. காம்புப் பக்கம் கிள்ளுங்கள். ஒரு செடியின் காய் எப்போது பறித்தாலும் உறைத்தால் அது விதையின் குணம். எல்லாச் செடியிலும் அங்கொன்று இங்கொன்று உறைத்தால் தண்ணீரைக் கவனியுங்கள்.

பூ கொட்டுவதற்கும் வெயில்தான் முதல் காரணம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மிளகாய் பூவை உதிர்க்கும்; ராத்திரியும் புழுக்கமாக இருந்தால் இன்னும் அதிகம். உச்சி வெயிலுக்கு நிழல்வலை, காலையும் மாலையும் அளவாகத் தண்ணீர், தொட்டியின் மேல்மண்ணில் காய்ந்த சருகு மூடாக்கு. இலை மட்டும் கரும்பச்சையாகத் தழைத்துக்கொண்டே போனால் கடலைப் புண்ணாக்குக் கரைசலைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

கை எரிச்சலுக்கு வருவோம். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். குழாயடியில் எவ்வளவு நேரம் கையை நீட்டினாலும் எரிவது அதனால்தான். தேங்காய் எண்ணெயைத் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டு, பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவுங்கள். நறுக்குவதற்கு முன்பே எண்ணெய் தடவிக்கொண்டால் பாதித் தொல்லை இல்லை. நாக்கில் உறைத்தால் தயிர். உறைப்பது உண்மையில் ருசியே இல்லை. சூட்டை உணரும் நரம்பு வாயிலைத்தான் கேப்சைசின் திறந்துவிடுகிறது. அந்த வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

உறைக்கும் காயையும் பஜ்ஜி போடலாம்: ஒரு கீறல் போட்டு, டீஸ்பூன் காம்பால் நடுச்சதையையும் நரம்பையும் வழித்துவிடுங்கள். எனக்கென்னவோ அந்தச் செடிகளின் காயை மோர் மிளகாய்க்கு ஒதுக்குவதுதான் சரி என்று படுகிறது. காம்பை விட்டுவிட்டு நுனிப் பக்கம் சின்னதாகக் கீறி, கல்லுப்புப் போட்ட கெட்டிப் புளித்த மோரில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். மூன்றாம் நாள் காலை எடுத்து வெயிலில் பரப்பி, சாயங்காலம் திரும்ப அதே மோரில். மோரையெல்லாம் காய் குடித்து முடிக்கும்வரை இப்படியே. பிறகு கலகலவென்று சத்தம் வரும்வரை காயவைத்து எடுத்து வைத்தால், மழைக்காலத்துத் தயிர்சாதத்துக்கு ஆயிற்று.

குண்டு மிளகாயை எடுத்துவிட்டால் தாளிப்புக்கு எங்கே போவீர்கள்? முண்டு மிளகாய் என்றும் இதைச் சொல்வார்கள்; ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். அது அங்கேயே நிற்கட்டும், அடுத்த வருட விதையை மட்டும் காப்பாற்றுங்கள்.

காரமில்லாத செடியில் நல்ல கிளை ஒன்றைப் பாருங்கள். அதில் விரிந்த பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிட்டு, மொட்டுகளை மட்டும் வைத்து மெல்லிய வலைத் துணிப் பையால் கிளையை மூடிக் கட்டுங்கள். தினம் காலையில் பையோடு சேர்த்து லேசாக ஒரு தட்டு, உள்ளே மகரந்தம் உதிர அது போதும். பிஞ்சு பிடித்ததும் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிட்டுப் பையைக் கழற்றிவிடலாம். நூல் கட்டிய காயை யாரும் பஜ்ஜிக்குப் பறித்துவிடாமல் வீட்டில் சொல்லிவையுங்கள், நன்றாகச் சிவந்த பிறகுதான் விதை முற்றும். அந்தச் சமயம் கிளியும் கொண்டைக்குருவியும் வந்துவிடும். பறவைகளுக்குக் காரம் உறைக்காது. காய் நிறம் மாற ஆரம்பித்ததும் அதே பையைத் திரும்பக் கட்டிவிடுங்கள்.