பதில்: போனோம் நுவெல் தாடியைப் பார்த்து அலறும் மகன்

வணக்கம் சகோதரி. மூன்று வயது மகன் போனோம் நுவெலை, அதாவது கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கண்டு அலறுகிறான், விடுமுறைக்கு முன் பாலர் பள்ளி விழாவில் அவர் மடியில் உட்காரவைத்துப் படம் எடுப்பார்களாம், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

படத்தை விட்டுவிடுங்கள். இந்த வயதில் வேஷம் போட்ட ஆளைக் கண்டு மிரள்வது சகஜம்; முகம் பாதி மறைந்தால் தெரிந்த ஆளே வேற்றாளாகிவிடுகிறார். உங்கள் இடுப்பில் இருந்தபடி தூரத்திலிருந்து கையசைத்தால் போதும் என்று டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அதற்குள் வீட்டில், அவன் கண்முன்னேயே அப்பா பஞ்சுத் தாடியும் சிவப்புத் தொப்பியும் மாட்டட்டும், கழற்றட்டும். அப்புறம் அவனே அப்பாவுக்குத் தாடி ஒட்டட்டும். "அழுதால் பரிசு கிடையாது" என்று மட்டும் யாரும் மிரட்டக் கூடாது, மாமியார் உட்பட!

தமிழ் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கலாமா என்ற கேள்விக்கு: மொரீஷியஸில் முருகன் படத்துக்கு எதிரேயே மரம் நிற்கும் வீடுகள் உண்டு, தாராளமாக வையுங்கள். கண்ணாடி உருண்டைகள் மேல் கிளைக்கு, அவன் வண்ணம் தீட்டிய அட்டைகள் கீழே. பாட்டுப் பாடும் பொம்மையில் பொத்தான் பேட்டரியின் மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

டிசம்பர் லிச்சி சீசன் வேறு. தோலுரித்து, கொட்டையை எடுத்து, சதையை நறுக்கிக் கொடுங்கள். முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.