நான் எழுதிய அறிவியல் மென்பொருளை லினக்ஸ் பயனர்கள் எல்லாரும் நிறுவிக்கொள்ளும்படி எப்படிக் கொடுப்பது? டெப், டாக்கர், கோண்டா, எது நல்லது?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இதுதான்: முனைவர் பட்ட ஆய்வுக்காக சி++, ஃபோர்ட்ரான் கலந்து ஒரு நிரல், மேலே ஒரு பைத்தான் இடைமுகம். அவருடைய உபுண்டு 22.04 மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது. வேறு ஆய்வுக்குழுக்கள் கேட்க ஆரம்பித்துவிட்டன.

நான் இருப்பது மறுமுனையில். ஒரு பல்கலைக்கழக கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்த பெரிய தொகுதி) ஆய்வாளர்களுக்கு மென்பொருள் நிறுவித் தருவதுதான் என் வேலை. அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்: முதலில் கோண்டா-ஃபோர்ஜில் போடுங்கள், அதாவது கோண்டா என்ற நிறுவல் கருவிக்காகத் தன்னார்வலர்கள் நடத்தும் பொதுக் களஞ்சியத்தில். உபுண்டு, டெபியன் வகை லினக்ஸுக்கான டெப் தொகுப்பு இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் மென்பொருளை ஓட்டப்போகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் ஆராய்ச்சி மாணவர். கையில் ரூட் அனுமதி (கணினி முழுவதையும் மாற்றும் நிர்வாகி உரிமை) இருக்காது. அவர் வேலை செய்யும் கிளஸ்டரில் உபுண்டு இருப்பதைவிட ராக்கி, அல்மாலினக்ஸ் போன்ற ரெட் ஹேட் வகை ஏதாவது இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதுவும் சில வருடம் பழைய பதிப்பாக. அவருக்கு டெப் கோப்பு கொடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

சரி, கம்பைல் செய்த பைனரியை (நேரடியாக ஓடும் கோப்பை) ஸிப் செய்து கொடுத்துவிடலாமே என்று தோன்றும். பலர் அதைத்தான் செய்கிறார்கள். அது ஏன் உடைகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மேசைக்கு வரும் புகார்களில் பாதி இதுதான். லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியை நம்பி இருக்கின்றன. உபுண்டு 22.04இல் இருப்பது ஜிலிப்சி 2.35. ரெட் ஹேட் 8 வகையில் இருப்பது 2.28. உங்கள் பைனரியை அங்கே ஓட்டினால் 'ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்' என்று சொல்லி உடனே நின்றுவிடும். "நான் புதிய வசதி எதையும் பயன்படுத்தவே இல்லையே?" என்பீர்கள். உண்மைதான். ஆனால் 2021இல் வந்த 2.34இல், ஒரே நிரலில் பல இழைகளை ஓட்டும் பிதிரெட் லைப்ரரியை ஜிலிப்சிக்குள்ளேயே சேர்த்தார்கள். கூடவே, மெயின் ஃபங்ஷனைக் கூப்பிடும் தொடக்க ஃபங்ஷனுக்கும் புதிய பதிப்பு எண் விழுந்தது. அதற்குப் பிறகு வந்த கணினிகளில் சாதாரணமாக கம்பைல் செய்யும் எந்தப் பைனரியும், உள்ளே வெறும் 'ஹலோ' மட்டும் இருந்தாலும், 2.34ஐக் கேட்கும். பழையதில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. பைத்தான் உலகம் மெனிலினக்ஸ் வீல்களை, அதாவது பல லினக்ஸ்களில் ஓடும்படி முன்பே கம்பைல் செய்த தொகுப்புகளை, பழைய அமைப்பில் வைத்துக் கட்டுவது இதனால்தான்: மெனிலினக்ஸ்2014 என்பது சென்ட்ஓஎஸ் 7, ஜிலிப்சி 2.17. அந்த சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது; இப்போது பலர் அல்மாலினக்ஸ் 8-க்கு மாறி வருகிறார்கள்.

இதற்கு மேல் உங்களிடம் ஃபோர்ட்ரான் வேறு இருக்கிறது. ஃபோர்ட்ரான் நிரல் ஓடத் தேவையான லைப்ரரி லிப்ஜிஃபோர்ட்ரான்; ஜிசிசி கம்பைலரின் 7ஆம் பதிப்புக்கு முன்னால் லிப்ஜிஃபோர்ட்ரான் 3, ஜிசிசி 7இல் 4, ஜிசிசி 8 முதல் 5. ஒன்று கேட்கும் இடத்தில் இன்னொன்று இருந்தால் வேலைக்கு ஆகாது. பெயரை மாற்றி சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போட்டு ஏமாற்றும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், விடை தவறாக வந்தாலும் தெரியாமல் போகும்.

கோண்டா இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கிறது? எல்லாம் பயனரின் ஹோம் டைரக்டரிக்குள் ஒரே அடைவில் உட்காருகிறது. ரூட் அனுமதி வேண்டாம். சி++ லைப்ரரி, லிப்ஜிஃபோர்ட்ரான், அணிக் கணக்குகளுக்கான ஓபன்பிளாஸ் எல்லாவற்றையும் அது தானே கொண்டுவருகிறது. ஜிலிப்சியை மட்டும்தான் கணினியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, அதையும் பழைய பதிப்பை எதிர்பார்த்தே கம்பைல் செய்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, கோண்டா-ஃபோர்ஜின் ஸ்டேஜ்டு-ரெசிப்பீஸ் களஞ்சியத்தில் ஒரு யாமல் கோப்பை (எளிய உரைக் குறிப்பு) அனுப்புவது: மூலநிரல் எங்கே இருக்கிறது, கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் அதன் ஷா256 மதிப்பு, சார்புகள், ஒரு சின்ன சோதனை, உரிமக் கோப்பு. தன்னார்வலர்கள் பார்த்துத் திருத்தம் சொல்வார்கள். ஏற்றுக்கொண்டபின், ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் ஒரு பாட் தானாகவே புதுப்பிப்பைத் தயார் செய்து உங்கள் ஒப்புதலுக்கு வைக்கும். நேரம் இல்லாத ஆய்வாளருக்கு இது பெரிய உதவி. உயிரியல் மென்பொருள் என்றால் பயோகோண்டா இருக்கிறது. கோண்டா-ஃபோர்ஜிலிருந்தே தொகுப்புகளை எடுக்கும் மினிஃபோர்ஜைப் பயனர்களை நிறுவச் சொல்லுங்கள். அனகோண்டா நிறுவனத்தின் டிஃபால்ட்ஸ் சேனலுக்கு (தொகுப்புக் களஞ்சியம்) தனி உரிம நிபந்தனைகள் உண்டு, பெரிய நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டி வரலாம். கோண்டா-ஃபோர்ஜ் சேனலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அனுப்புவதற்கு முன்னால் உங்கள் மேக்ஃபைலை (கம்பைல் கட்டளைகள் இருக்கும் கோப்பை) திறந்து '-மார்ச்=நேட்டிவ்' இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வு நிரல்களில் இது அடிக்கடி கண்ணில் படும். உங்கள் சிபியுவில் மட்டும் இருக்கும் கட்டளைகளைப் பைனரியில் புகுத்திவிடும். கிளஸ்டரில் பல தலைமுறை நோடுகள் (தனித்தனிக் கணினிகள்) கலந்திருக்கும். பயனர் உள்நுழையும் லாகின் நோடில் ஒழுங்காக ஓடி, வரிசையில் காத்திருந்து கணக்கு நடக்கும் கம்ப்யூட் நோடுக்குப் போனதும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று செத்துப்போகும். அந்த மாணவர் தன் உள்ளீட்டில்தான் தப்பு என்று நினைத்து நாள்கணக்கில் தேடுவார். இந்த ஒரு கம்பைலர் ஆப்ஷனை இயல்புநிலையிலிருந்து எடுத்துவிடுங்கள், வேண்டுமென்றால் பயனர் போட்டுக்கொள்ளட்டும்.

எம்பிஐ (பல நோடுகள் ஒரே கணக்கைப் பகிர்ந்து செய்ய உதவும் முறை) பயன்படுத்துகிறீர்களா என்று சொல்லவில்லை. பயன்படுத்தினால் கோண்டா மட்டும் போதாது. பல நோடுகளில் வேகமாக ஓட, அந்தக் கிளஸ்டரின் நெட்வொர்க்குக்கு ஏற்ப அமைத்த எம்பிஐயோடு கம்பைல் செய்ய வேண்டும். அதற்கு என்னைப் போன்றவர்கள் பயன்படுத்துவது லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான ஸ்பேக், அல்லது பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஈஸிபில்ட்; இரண்டும் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து நிறுவும் கருவிகள். ஸ்பேக்குக்கு ஒரு ரெசிப்பி எழுதிவிட்டால் எங்கள் வேலை பாதி முடிந்தது. கம்பைல் நடுவில் இணையத்திலிருந்து எதையாவது இறக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், எங்கள் கம்ப்யூட் நோடுகளுக்கு இணையமே கிடையாது.

நிரலையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே இமேஜாகக் கட்டித் தரும் டாக்கர்? பொதுக் கிளஸ்டர்களில் பெரும்பாலும் தரமாட்டோம். டாக்கர் அனுமதி கொடுப்பதும் ரூட் கொடுப்பதும் ஏறக்குறைய ஒன்று. அங்கே ஓடுவது அதே போன்ற ஆப்டெய்னர், 2021 வரை சிங்குலாரிட்டி என்று இருந்தது. டாக்கர் இமேஜை அதுவே ஒரே கோப்பாக மாற்றிக்கொள்ளும். ஒரு கட்டுரையின் கணக்கை அப்படியே உறையவைத்துக் கொடுக்க இது அருமை. ஆனால் உங்கள் பைத்தான் மாட்யூலைத் தன் ஸ்கிரிப்டில் இம்போர்ட் செய்ய நினைப்பவருக்கு இமேஜ் மட்டும் கொடுத்தால் இடைஞ்சல்தான்.

உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனை முழுசாக ஒதுக்கச் சொல்லவில்லை. மருத்துவ, உயிரியல் மென்பொருளைச் சேர்க்கும் டெபியன் மெட் குழு 2002 முதலே இருக்கிறது, டெபியன் சயின்ஸ் குழுவும் இருக்கிறது. உங்கள் நிரல் நிலைபெற்றபின் அவர்களிடம் போங்கள், அங்கே சேர்ந்தால் உபுண்டுவுக்கும் தானாகவே வந்துவிடும். உரிமம் 'கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இருந்தால் டெபியனின் முதன்மைப் பிரிவில் சேர்க்க மாட்டார்கள். பழைய பாடநூலிலிருந்து நகலெடுத்த சப்ரூட்டீன் (துணைநிரல்) ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று உங்கள் வழிகாட்டியிடமும் கேளுங்கள், அந்த நிரலை மறுவிநியோகம் செய்ய உரிமை இல்லாமல் இருக்கலாம்.

அப்புறம் ஒன்று. கிட்ஹப் தானாக உருவாக்கும் மூலநிரல் கோப்பில் சப்மாட்யூல்கள் (உள்ளே இணைத்த வேறு களஞ்சியங்கள்) வராது. நீங்களே ஒரு முழு டார் கோப்பு (எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய கோப்பு) செய்து, பதிப்பு எண் போட்டு, வெளியீட்டோடு இணைத்து விடுங்கள். அதையே ஆய்வுக் கோப்புகளைச் சேமிக்கும் ஸெனோடோ தளத்திலும் ஏற்றினால் கட்டுரையில் மேற்கோள் காட்ட டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும். கோண்டா, ஸ்பேக், டெபியன் எதற்குப் போனாலும் முதலில் கேட்பது அந்த டார் கோப்பைத்தான், அதனால் இந்த வாரம் அதிலிருந்து ஆரம்பியுங்கள்.