மெத்தையில போற பூனைக்கு என்ன கஷ்டம்? மலை மேல இருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

மழை பிடிச்சதுல இருந்து எனக்கு வர்ற மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தாங்க, நல்லா பாக்ஸ்ல (பூனை கக்கூஸ் போக லிட்டர்ங்கிற மண்ணு மாதிரி ஒன்னு போட்டு வைக்கிற டப்பா) போயிட்டு இருந்த பூனை திடீர்னு மெத்தையில போகுது, சோபால போகுது, துணிக் கூடையில போகுது. குன்னூர்ல இத்தனை வருஷமா வைத்தியம் பாக்குறேன், ஜூன் ஜூலை வந்தா இதேதான். தனித்தனியா பதில் போட்டு முடியல, அதனால சிலதை மட்டும் எடுத்து இங்க எழுதுறேன், ஊர் பேர் மட்டும் போட்டிருக்கேன்.

வெலிங்டன்: "மேடம், கோயம்புத்தூர்ல இருந்து மாத்தலாகி வந்து 3 வாரம் ஆச்சு. பூனைக்கு 3 வயசு, பொண்ணு, கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு. அங்க ஒரு நாள் கூட தப்பு பண்ணல. இங்க வந்து என் ரஜாய் (பஞ்சு வச்ச தடிப் போர்வை) மேலயே ஒன்னுக்கு போறா. எங்க மேல கோவமா?"

கோவம் இல்லைங்க, பயம். அவ பக்கத்துல இருந்து பாருங்க, 400 மீட்டர் உயரத்துல இருந்த ஊர்ல இருந்து 1,850 மீட்டருக்கு ஒரு கூடைக்குள்ள வளைவு வளைவா குலுங்கி வந்திருக்கா, இறங்கினா வீடு வேற, குளிர் வேற, ராத்திரி தகர ஷீட்டு மேல குரங்கு குதிக்குது. இந்த வீட்டுல அவளுக்குத் தெரிஞ்ச வாசனை ஒன்னே ஒன்னு, அது நீங்க. உங்க வாசனை இருக்கிற ரஜாய் மெத்துனு இருக்கு, கதகதப்பா இருக்கு, ஈரத்தையும் இழுத்துக்குது. பயந்த பூனை அங்கதான் போகும்.

மொதல்ல மூத்திரத்தை ஒரு டெஸ்ட் எடுத்துருங்க. பயத்துனாலயே மூத்திரப் பை வீங்கி வலி வர்ற பூனைங்க நிறைய, குளிர்ல தண்ணி குடிக்கிறது குறையும்போது அது இன்னும் மோசமாகும். ஒன்னுக்கு போகும்போது வலிச்சா அது வலிக்கு பாக்ஸைத்தான் காரணம்னு நெனச்சுக்கும், அப்புறம் பாக்ஸ் பக்கமே வராது.

டெஸ்ட் சரியா இருந்துச்சுன்னா வீடு முழுக்க அவளைத் திறந்து விடாதீங்க. ஒரு சின்ன ரூம் குடுங்க, ரெண்டு வாரத்துக்கு. அதுல ஒரு மூலையில பாக்ஸ், எதிர் மூலையில சாப்பாடு தண்ணி, ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி, நீங்க போட்டு கழட்டின ஸ்வெட்டர் ஒன்னு. அந்த ரூம்ல மெத்தை, ரஜாய், கால் மிதியடி எதுவும் வேண்டாம். பாக்ஸ் இப்ப எங்க இருக்குன்னு நீங்க எழுதல, ஆனா என் அனுபவத்துல பத்துல எட்டு வீட்டுல அது பின்பக்கம் வாஷிங் மெஷின் பக்கத்துல சிமெண்ட் தரையில இருக்கும், ராத்திரி அங்க நமக்கே காலை வைக்க முடியாது. அந்த மெஷின் ஒரு தடவை அது உள்ள உக்காந்திருக்கும்போது சுத்துச்சுன்னா போதும், முடிஞ்சுது. பாக்ஸை உள்ள கொண்டு வாங்க, கீழ ஒரு பழைய கோணி மடிச்சுப் போடுங்க, மூடி இருந்தா கழட்டிடுங்க. மூக்குல இருந்து வால் ஆரம்பம் வரைக்கும் பூனை எவ்வளவு நீளமோ அதுல ஒன்றரை மடங்கு நீளம் பாக்ஸ் இருக்கணும், கடையில விக்கிறது பாதி பத்தாது, நான் பெரிய பிளாஸ்டிக் டப்பா வாங்கி ஒரு பக்கம் மட்டும் தாழ வெட்டிக்கச் சொல்வேன். வாசனை போடாத நைசான மண்ணு மாதிரி லிட்டர், 3, 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு. மூத்திரத்துல நனைஞ்ச கட்டி ஒன்னு சின்னதா உள்ளயே விட்டு வைங்க, இதுதான் உன் இடம்னு அது சொல்லிக் குடுக்கும். மத்தபடி தினம் ரெண்டு வேளை அள்ளணும்.

தொடர்ந்து 10 நாள் பாக்ஸ்லயே போனா கதவைத் திறந்து விடுங்க, ஒவ்வொரு ரூமா. நடுவுல ஒரு நாள் தப்பினா பதறாதீங்க, மறுபடி அந்த ரூம்ல இருந்து ஆரம்பிங்க. ஒரு விஷயம், ரூம் சூடா இருக்கணும்னு கரி அடுப்பை உள்ள வச்சு கதவைச் சாத்திராதீங்க, அந்தப் புகை பூனையையும் கொல்லும் உங்களையும் கொல்லும், நம்ம மலையில இது வருஷா வருஷம் நடக்குது.

கொடைக்கானல், நாயுடுபுரம்: "டாக்டர், 4 வயசு ஆம்பள பூனை. நேத்து சாயங்காலத்துல இருந்து பாக்ஸுக்கு போறான் வர்றான், உக்காந்து முக்குறான், ஒரு சொட்டுதான் வருது. மலச்சிக்கல்னு விளக்கெண்ணெய் குடுத்தோம். பாக்ஸ் பிடிக்கலையா?"

இதுக்கு நான் எழுதி வைக்கிற வரைக்கும் காத்திருக்கல, பார்த்த உடனே போன் பண்ணி கிளம்பச் சொல்லிட்டேன். மத்தவங்களுக்காக இங்க போடுறேன். ஆம்பள பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்ப ஒடுக்கம், உப்புக் கல்லோ சளி மாதிரி ஒன்னோ வந்து அடைச்சுக்கும். அடைச்சா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயம் நின்னுரும், ஒரு நாள் ரெண்டு நாள்தான் டைம். முக்குறது, கத்துறது, அடியில நக்கிக்கிட்டே இருக்கிறது, வாந்தி, வயித்துல எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியா ஒரு உருண்டை. இதுல எது தெரிஞ்சாலும் ராத்திரி 2 மணியா இருந்தாலும் வண்டியை எடுங்க, பக்கத்துல ஆள் இல்லைன்னா வத்தலக்குண்டு ரோட்டுல இறங்குங்க, போகும்போதே போன்ல பேசி டாக்டர் இருக்காரான்னு உறுதி பண்ணிக்குங்க. வயித்தை அமுக்கிப் பாக்காதீங்க, மூத்திரப் பை வெடிச்சுரலாம். பாராசிட்டமால் ஒரு மாத்திரை கூட பூனைக்கு விஷம், வலிக்குன்னு அதைக் குடுத்துராதீங்க.

அவன் பிழைச்சுட்டான். டியூப் போட்டு 3 நாள் வச்சிருந்தாங்க. இனிமே ஈரமான சாப்பாடு, வெதுவெதுப்பான தண்ணி, மீன் வேக வச்ச தண்ணி உப்பு போடாம, இதை விடாம பாத்துக்கணும்.

கேத்தி: "போன இடத்துலயே திரும்பத் திரும்ப போகுது. தினமும் நீலகிரி தைலம் போட்டு துடைக்கிறோம், வாசனையே இல்ல, இருந்தும் போகுது."

உங்க மூக்குக்கு இல்லைங்க, அதோட மூக்குக்கு இருக்கு. தைலத்தை இன்னைக்கே நிறுத்துங்க. நம்ம வீட்டுல சளிக்கு, கால் வலிக்கு, தரைக்கு எல்லாத்துக்கும் தைலம்தான், நானும் அதுலயே வளந்தவதான், ஆனா பூனை ஈரலுக்கு அந்த எண்ணெயை உடைச்சு வெளிய தள்ற சக்தி கிடையாது. தரையில மிதிச்சு காலை நக்கும், எச்சில் ஒழுகும், தள்ளாடும். ஃபினாயிலும் டெட்டாலும் அதே மாதிரிதான். பிளீச்சிங் பவுடர் மூத்திரத்தோட சேந்தா கண்ணெரியுற விஷக் காத்து வரும்.

மூத்திர வாசனையையே உடைச்சுப் போக்குற என்சைம் கிளீனர்னு கேட்டு வாங்குங்க, ஆன்லைன்ல கிடைக்குது. மொதல்ல பழைய துணியால ஒத்தி எடுங்க, பச்சத் தண்ணி விட்டு மறுபடி ஒத்துங்க, அப்புறம் என்சைமை நல்லா ஊத்தி ஊற விடுங்க. என்சைம் குளிர்ல மெதுவாதான் வேலை செய்யும், டப்பாவுல 15 நிமிஷம்னு போட்டிருந்தாலும் இங்க ராத்திரி முழுக்க விடுங்க. கம்பளி, ரஜாயை மழைக்காலத்துல துவைச்சா வாரக் கணக்கா காயாது, அரைகுறையா காஞ்சதை மறுபடி விரிச்சா பழைய வாசனை அப்படியே எழும்பும், அதனால வெயில் வர்ற வரைக்கும் அதை பாலித்தீன்ல கட்டி பரண்ல போட்டுருங்க. எங்க எங்க போயிருக்குன்னு தெரியலைன்னா ராத்திரி லைட்டை அணைச்சுட்டு யூவி டார்ச் அடிச்சுப் பாருங்க, மூத்திரக் கறை பளிச்சுனு தெரியும்.

பந்தலூர்: "எங்க பூனை பொறந்ததுல இருந்து தோட்டத்துலதான் போகும். இப்ப சிறுத்தை வருதுன்னு ராத்திரி வெளிய விடுறதில்ல. பாக்ஸ் வச்சோம், உள்ள ஏறவே மாட்டேங்குது, அடுப்படியில போகுது."

வெளிய விடாதது சரியான முடிவு. அதுக்கு மண்ணுதான் கக்கூஸ், கடையில வாங்கின லிட்டர் என்னன்னே தெரியாது. அது வழக்கமா தோண்டுற இடத்து மண்ணை எடுத்து, வாணலியில போட்டு ஈரம் போக வறுத்து ஆற வச்சு பாக்ஸ்ல போடுங்க. ஒரு வாரம் வெறும் மண்ணு. அப்புறம் தினம் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துட்டு ஒரு கைப்பிடி லிட்டர், அவசரப்படாம ஒரு மாசத்துக்கு இழுங்க. உங்க பக்கம் விடாத மழை, ஈரக் காத்துலயே லிட்டர் கட்டி தட்டிப் போகும், மூட்டையைப் பிரிச்ச உடனே மூடி போட்ட டின்ல கொட்டி வைங்க. எஸ்டேட்டுல சில பேர் டீ ஃபேக்டரி வேஸ்ட்டை லிட்டருக்கு பதிலா போடுறாங்கன்னு கேள்விப்பட்டேன், வேண்டாம், அதுல கஃபீன் இருக்கு, காலை நக்கினா உள்ள போயிரும்.

கோத்தகிரி: "வீட்டோட சேந்த ஹோம்ஸ்டே வச்சிருக்கோம். சீசன்ல கெஸ்ட் வந்தா மட்டும் சோபாவுக்குப் பின்னாடி ரெண்டுக்கு போகுது, அவங்க போனதும் சரியாகிடுது. என் வீட்டுக்காரர் மூக்கைத் தேய்ச்சு அடிச்சா திருந்தும்ங்கிறார்."

தயவுசெஞ்சு அடிக்காதீங்க. மூக்கைத் தேய்ச்சா அதுக்குப் புரியறது ஒன்னுதான், இந்த ஆள் கிட்ட மாட்டக் கூடாது. அப்புறம் உங்க கண்ணுல படாத இடமா தேடிப் போகும், பீரோ அடியில, கட்டில் அடியில, அவ்வளவுதான் வித்தியாசம். காரணத்தை நீங்களே எழுதிட்டீங்க, பாக்ஸுக்கு போற வழியில கெஸ்ட் உக்காந்திருக்காங்க. ஏப்ரல் மே ரெண்டு மாசம் கெஸ்ட் கால் படாத ஒரு ரூம்ல இன்னொரு பாக்ஸ் வைங்க, கெஸ்ட் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வச்சுப் பழக்கிருங்க. சோபாவுக்குப் பின்னாடி அதோட சாப்பாட்டுத் தட்டை வைங்க, சாப்பிடுற இடத்துல பூனை பெரும்பாலும் போகாது. குழந்தைங்க தூக்க வந்தா வேண்டாம்னு சொல்லுங்க, கெஸ்ட் கோவிச்சுக்குவாங்கன்னு தயங்காதீங்க.

அருவங்காடு: "ரெண்டு பூனை, ஒரே பாக்ஸ். பெருசு போய் வாசல்ல படுத்துக்குது, சின்னது பாத்ரூம் தரையில போகுது."

பெருசு காவல் காக்குது, சின்னது உள்ள மாட்டிக்குவோமோன்னு பயப்படுது. எத்தனை பூனையோ அதைவிட ஒன்னு கூட, அதாவது 3 பாக்ஸ். ரெண்டு ரூம் குவார்ட்டர்ஸ்ல 3 முடியாதுன்னா ரெண்டாவது வைங்க, ஆனா பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க, பூனைக்கு அது ஒரே பாக்ஸ்தான். ஒன்னுல இருந்து பாத்தா இன்னொன்னு தெரியக் கூடாது. பெருசு நின்னுக்கிட்டே வாலை நடுக்கி சுவத்துல பீச்சுதான்னும் கவனிங்க, அது பாக்ஸ் பிரச்சனை இல்ல, எல்லை போடுறது, ஆபரேஷன் பண்ணா பத்துல ஒன்பது ஆம்பள பூனை நிறுத்திரும்.

லவ்டேல்: "14 வயசு பூனை. பாக்ஸ் பக்கத்துல வரைக்கும் வருது, வெளியவே போயிடுது. மறதியா?"

மறதியாவும் இருக்கலாம், ஆனா மொதல்ல மூட்டு வலி இருக்கான்னு பாருங்க. பக்கத்துல வரைக்கும் வருதுன்னா இடம் ஞாபகம் இருக்கு, ஏற முடியல. டிசம்பர் ஜனவரி உறைபனியில இது கூடும். சமையலுக்கு வச்சிருக்கிற பெரிய தட்டு மாதிரி, 5 சென்டிமீட்டருக்கு மேல விளிம்பு இல்லாததா வைங்க, அது படுக்குற இடத்துக்கு 10 அடிக்குள்ள. ராத்திரி ஒரு சின்ன லைட் எரியட்டும். தண்ணி அதிகமா குடிச்சு அதிகமா போகுதுன்னா கிட்னி, சுகர் ரெண்டுக்கும் ரத்தம் பாக்கணும். வலிக்கு மருந்து இருக்கு, டாக்டர் எடை போட்டுக் குடுக்குற அளவு மட்டும்.

ஊட்டி: "நான் 4 மாச கர்ப்பம். மாமியார் பூனையை விட்டுரச் சொல்றாங்க."

விட வேண்டாம்மா. பாக்ஸை வேற யாராவது தினமும் அள்ளட்டும், பூனை மலத்துல வயித்துப் பிள்ளையைப் பாதிக்கிற டாக்ஸோபிளாஸ்மாங்கிற கிருமி இருக்கலாம், அது ஒட்டுற நிலைக்கு வர குறைஞ்சது ஒரு நாள் ஆகும், தினம் அள்ளினா அதுக்கு நேரமே கிடைக்காது. ஆள் இல்லாத நாள்ல கிளவுஸ் போட்டு அள்ளிட்டு சோப்பு போட்டு கை கழுவுங்க. பச்சை இறைச்சி பூனைக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். தோட்டத்து கேரட்டை மண்ணோட கடிக்காம நல்லா கழுவிச் சாப்பிடுங்க. அப்புறம், குழந்தை பொறந்ததும் பாக்ஸை இடம் மாத்தணும்னு நெனச்சிருந்தா இப்பவே தினம் ஓரடி ஓரடியா நகத்த ஆரம்பிச்சிருங்க, இல்லைன்னா அடுத்த வருஷம் தொட்டில்ல போகுதுன்னு எனக்கு எழுதுவீங்க. மாமியாருக்கு இன்னும் பயம் இருந்தா ஒரு நாள் என்கிட்ட பேசச் சொல்லுங்க, நானே சொல்றேன்.