கயிற்றை இருபுறமும் 10 நியூட்டனால் இழுத்தால் இழுவிசை ஏன் 20 ஆகாது?

கேட்டிருப்பது இரண்டு. கயிற்றின் இரு முனைகளையும் இருவர் ஆளுக்கு 10 நியூட்டன் விசையோடு இழுத்தால் இழுவிசை 10ஆ, 20ஆ, இல்லை 0ஆ? அப்புறம், கயிறு கப்பியின் மேல் வளைந்து போகும்போது கப்பியை அழுத்துவது அந்த இழுவிசையா, வேறு விசையா?

முதல் கேள்விக்கு விடை 10. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். கயிற்றை ஏதோ ஓரிடத்தில் வெட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு, இடப்பக்கத்துத் துண்டை மட்டும் பாருங்கள். அதன் இடது முனையை ஒருவர் 10 நியூட்டனால் இழுக்கிறார். துண்டோ அசையாமல் இருக்கிறது. அப்படியானால் வெட்டிய இடத்தில் வலப்பக்கத்துக் கயிறு அதை அதே 10 நியூட்டனால் எதிர்ப்புறம் இழுத்தாக வேண்டும். கயிற்றின் ஒரு பகுதி பக்கத்துப் பகுதியை இழுக்கும் இந்த விசையின் அளவுதான் இழுவிசை. இரண்டு கைகளின் விசையையும் திசையோடு கூட்டினால் கிடைப்பது முழுக் கயிற்றின் மீதுள்ள நிகர விசை. அது 0, ஆனால் அது வேறு கணக்கு. நடுவில் சுருள்வில் தராசைக் கோத்தால் அது 10 என்றுதான் காட்டும். ஒரு முனையைச் சுவரில் கட்டிவிட்டு ஒருவர் மட்டும் இழுத்தாலும் அதே 10தான். இன்னொருவர் செய்த வேலையைச் சுவர் செய்கிறது, அவ்வளவுதான்.

கணக்குகளில் வரும் கயிறு நீளாது, அதற்கு நிறையும் கிடையாது. நீளாது என்பதால் இறுக்கமாக இருக்கும்வரை இரு முனைப் பொருள்களுக்கும் முடுக்கத்தின் அளவு ஒன்றே. நிறையில்லை என்பதுதான் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிற இடம். வழவழப்பான தரையில் 2 கிலோ கட்டையை 10 நியூட்டனால் கயிறு கட்டி இழுக்கிறோம் என்று வையுங்கள். கயிற்றுக்கு நிறையில்லை என்றால் முடுக்கம் 5 மீ/வி². முழு 10 நியூட்டனும் கட்டைக்குப் போய்ச் சேர்கிறது. கயிறே அரை கிலோ என்றால்? மொத்தம் 2.5 கிலோ, முடுக்கம் 4 மீ/வி². கட்டைக்குக் கிடைப்பது 8 நியூட்டன்தான். மீதி 2 நியூட்டன் கயிற்றையே முடுக்குவதில் செலவாகிவிடுகிறது. கையருகே 10, நடுவில் 9, கட்டையருகே 8 என்று இழுவிசை படிப்படியாகக் குறைகிறது. நிறை 0 என்றால் முடுக்கம் எவ்வளவாக இருந்தாலும் கயிற்றின் எந்தத் துண்டின் மீதும் நிகர விசை 0. அதனால்தான் இழுவிசை எங்கும் சமம்.

இப்போது கப்பி. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், வகுப்புகளில் அவசரமாகக் கடந்துவிடுவதும் இதைத்தான். கப்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கயிற்றில் ஒரு சின்னத் துண்டை எடுங்கள். இருபுறத்து அண்டைத் துண்டுகளும் அதைத் தொடுகோட்டின் வழியே இழுக்கின்றன. கயிறு வளைந்திருப்பதால் அந்த இரண்டு இழுப்பும் ஒரே நேர்கோட்டில் இல்லை. கூட்டினால் கப்பியின் மையத்தை நோக்கி ஒரு சின்ன விசை மிஞ்சும். துண்டுக்கு நிறையில்லை, நிகர விசை 0 ஆக வேண்டும். ஆகவே கப்பி அதை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி துண்டு கப்பியை உள்நோக்கி அழுத்துகிறது. கப்பி உணர்வது இந்தத் தொடுவிசையைத்தான். இழுவிசை T, கப்பியின் ஆரம் R என்றால், அதன் அளவு ஒரு மீட்டர் கயிற்றுக்கு T/R. கயிறு அரைவட்டம் சுற்றியிருந்தால் மொத்தம் 2T, கால்வட்டம் என்றால் √2 T. கப்பியையும் அதன்மேல் படிந்த கயிற்றையும் ஒரே பொருளாகக் கொண்டால் இந்தக் கூட்டல் வேலையே வேண்டாம், இருபுறமும் T போட்டால் அதே விடை வரும். புத்தகப் படங்களில் கப்பியின் மீது T என்று அம்புக்குறி போடுவது இந்தக் குறுக்குவழியால்தான்.

உராய்வு வந்துவிட்டால் நிலைமை மாறும். அசையாத உருளையில் கயிற்றைச் சுற்றினால், கயிற்றுக்கு நிறையே இல்லாவிட்டாலும் இருபுறத்து இழுவிசையும் வேறுபடலாம். வழுக்கத் தொடங்கும் நிலையில் அவற்றின் விகிதம் e^(μθ). இதில் e ஏறத்தாழ 2.718, μ உராய்வுக் குணகம், θ கயிறு சுற்றியிருக்கும் கோணம் (ரேடியனில்). உராய்வுக் குணகம் 0.3 என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 6.6 மடங்கு, மூன்று சுற்றுக்கு 280 மடங்குக்கும் மேல். எனவே நிறையில்லாத கயிறு என்பது மட்டும் போதாது, வழியில் தொடும் எதுவும் அதன் நீளவாக்கில் தள்ளக் கூடாது. கப்பிக்கு நிறை உண்டு, கயிறு வழுக்காமல் அதைச் சுழற்றுகிறது என்றாலும் இப்படித்தான். இருபுறமும் ஒரே T என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு பொதுவான பிழை, தொங்கும் பொருளின் எடையையே இழுவிசை என்று எழுதுவது. நிறையற்ற, உராய்வற்ற கப்பியின் இருபுறமும் 3 கிலோ, 2 கிலோ தொங்கட்டும், புவியீர்ப்பு முடுக்கம் g = 10 மீ/வி². முடுக்கம் 2 மீ/வி², இழுவிசை 24 நியூட்டன், கப்பியின் மீது 48 நியூட்டன். மொத்த எடை 50 ஆயிற்றே, 2 எங்கே போனது? இரண்டு பொருள்களின் பொது நிறைமையம் கீழ்நோக்கி முடுக்கமடைகிறதே, அதற்கு வேண்டிய விசை அது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு கணக்கு. எடையற்ற ஓர் இருக்கையில் 600 நியூட்டன் எடையுள்ளவர் அமர்ந்திருக்கிறார். இருக்கையில் கட்டிய கயிறு மேலே நிலையான கப்பியைச் சுற்றிக் கீழே வருகிறது, மறுமுனை அவர் கையிலேயே. கயிறு இருக்கையை ஒருமுறை, கையை ஒருமுறை என இரண்டு இடத்தில் மேலே இழுக்கிறது, ஆகவே இழுவிசை 300, கப்பியின் மீது 600. கையிலிருக்கும் முனையைத் தரையில் நிற்கும் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால் இழுவிசை 600 ஆகிவிடும், கப்பி தாங்க வேண்டியது 1200.