போர் அகதிகளுக்கு உதவ நிறுவன ஊழியர்கள் தன்னார்வலர்களாகப் போவதால் உண்மையில் பயன் உண்டா, இல்லை படம் பிடித்துப் போடத்தானா?

படம் பிடித்துப் போட்டவர்களும் இருந்தார்கள். எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படங்கள் இன்னும் கிடக்கின்றன. ஆனாலும் பயன் உண்டு என்றுதான் சொல்வேன், அதுவும் நாம் தினமும் சம்பளத்துக்குச் செய்கிற வேலையையே அங்கேயும் செய்தால்.

நான் இருப்பது நீலகிரியில், பந்தலூர் பக்கம். கொரோனா சமயத்தில் கோவையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவள், அப்படியே வீட்டிலிருந்தே வேலை என்று தங்கிவிட்டேன். நான் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குப் போலந்தில் கிராகோவ் நகரத்திலும் ஒரு அலுவலகம் உண்டு. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. மார்ச் மூன்றாவது வாரம் முடிவதற்குள் 20 லட்சம் பேர் போலந்து எல்லையைத் தாண்டிவிட்டார்கள். 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் நாட்டை விட்டு வெளியேறத் தடை இருந்ததால், வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள்.

நிறுவனம் கிராகோவ் ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு நாள் விடுப்பு கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் எல்லோரும் அந்த இரண்டு நாளை முதல் வாரத்திலேயே எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். ரயில் நிலையத்தில் சூப் ஊற்றிக் கொடுக்க ஆறு பேர் போதும், அங்கே முப்பது பேர் நிறுவனப் பனியன் போட்டுக்கொண்டு நின்றார்கள். மெடிக்கா எல்லைச் சாவடியில் பழைய துணி மலையாகக் குவிந்து ஈரத்தில் கிடந்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு குழந்தையும் தோளில் ஒரு பையுமாக வருகிறவளுக்கு யாரோ கழித்துப் போட்ட கோட்டு எதற்கு? அவளுக்கு வேண்டியது ஒரு சிம் கார்டு, அன்றிரவு படுக்க இடம், அங்கே போய்ச் சேர நம்பிக்கையான வண்டி. மூன்றாவது வாரமும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், ஆனால் சூப் ஊற்ற ஆள் இல்லை.

எங்கள் குழுவுக்கு வந்தது கூகுள் ஷீட் வேலை. வீடு கொடுக்க முன்வந்தவர்கள் ஒரு தாள், கார் ஓட்ட வந்தவர்கள் ஒரு தாள், இடம் கேட்பவர்கள் ஒரு தாள். கிராகோவில் இரவு ஒன்பது மணி என்றால் எங்களுக்கு விடியற்காலை ஒன்றரை. அவர்கள் களைத்துப்போகும் நேரத்தில் நானும் கோவையிலிருந்து இரண்டு பேரும் தாளைக் கையில் எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் சிக்னல் சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான் வரும். பகலில் என்றால் ரோட்டு வளைவு வரை நடந்துவிடலாம், ராத்திரியில் யானை நிற்கும். அதனால் போனை ஜன்னல் கம்பியில் துண்டால் கட்டி, ஹாட்ஸ்பாட் போட்டு, அடுப்படியிலேயே உட்கார்ந்து போலந்துக்காரர்களின் கட்டில் கணக்கைப் பார்த்தேன்.

‘பூனை உண்டா?’ என்று ஒரு பத்தி சேர்த்தது நான்தான். சிரிக்காதீர்கள். பெரிய கூட்டம் பூனையும் நாயுமாகத்தான் வந்தது. வாசல் வரை போன குடும்பம் பூனையால் திரும்பி ரயில் நிலையத்துக்கே வந்தது மூன்று முறை நடந்த பிறகுதான் அந்தப் பத்தி வந்தது.

கார் ஓட்டுகிறவர்கள் தாளில்தான் எனக்குப் பயம் அதிகம். முன்பின் தெரியாத ஆள் ‘வா, பெர்லினில் விடுகிறேன்’ என்றால் களைத்துப்போன பெண் ஏறிவிடுவாள். ஆள்கடத்தல் பயம் அங்கே எல்லோருக்கும் இருந்தது. எல்லையில் ஓட்டுநர்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். நாங்களும் அடையாள அட்டையும் வண்டி நம்பரும் இல்லாத பெயரை அழித்துவிடுவது என்று முடிவு செய்தோம். சிலர் கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

அப்புறம் நான் செய்த தப்பு. யூலியா என்று ஒரு பெண், இரண்டு குழந்தைகள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை ஒருவர் ‘ஒய்’யில் தொடங்கி எழுதுவார், போலந்துக்காரர் ‘ஜே’யில் எழுதுவார், பாஸ்போர்ட்டில் கடைசியில் இரண்டு ‘ஐ’ இருக்கும். மூன்று பேர் மூன்று விதமாகப் பதிந்ததில், ஒரே யூலியாவுக்கு மூன்று வீடு ஒதுக்கிவிட்டேன். அன்றிரவு இரண்டு வீடுகள் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தன. வேறு இரண்டு குடும்பங்கள் ரயில் நிலையத் தரையில் படுத்திருந்தன. போன் நம்பரை வைத்துச் சரிபார்த்திருக்கலாமே என்பீர்கள். அவள் எல்லையில் உக்ரைன் சிம்மைக் கழற்றிப் போலந்து சிம் போட்டிருந்தாள். கடைசியில் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து, பிறந்த வருடம், கூட வரும் குழந்தைகளின் எண்ணிக்கை, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அம்மா கட்டஞ்சாயாவோடு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். “ஏம்புள்ள, பேர ஒழுங்கா எழுதமாட்டீங்களா?” என்றாள். வேறு யார் கேட்டிருந்தாலும் எரிந்து விழுந்திருப்பேன்.

அம்மா இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அம்மா 1972-ல், பதினோரு வயதில், தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்தாள். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு இங்கே டான்டீ தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. எங்கள் குடும்பம் ஒதுங்கியது ஒரு தனியார் தோட்டத்தில். போரில் தப்பி வந்தவர்கள் என்று எங்களைச் சொல்ல முடியாது. ஆனால் தாளில் பெயர் எழுதும் மேசை முன்னால் வரிசையில் நின்றவர்கள்.

அந்த வரிசையில் எங்கோ ஒரு மேசையில், பிறப்புச் சான்றிதழில் பார்வதி என்றிருந்தவளை, வீட்டில் கூப்பிடுகிற பாப்பாத்தி என்ற பெயரில் குடும்ப அட்டையில் எழுதிவிட்டார்கள். ஒரு யூலியா மூன்று பேரானது போல அம்மா இரண்டு பேரானாள். வேலையிலிருந்து நின்றபோது பி.எஃப். பணம் கைக்கு வர நான்கு வருடம், எத்தனையோ அபிடவிட். தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்கே ‘பேர்’ என்றுதான் பெயர். கொழுந்து எடை குறைந்தால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அரைப்பேர் விழும். முதல் தவணையாகப் பாதிப் பணம் வந்தபோது அம்மா சொன்னது: “அரப்பேரு போட்டுட்டானுங்க.”

அன்றிலிருந்து என் தாளில் பெயரை இரண்டு முறை படிக்காமல் பதிந்ததில்லை.

உக்ரைன் வரைக்கும் போவானேன், இங்கேயே அகதிகள் இல்லையா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1983-லிருந்து இலங்கைப் போருக்குத் தப்பி வந்தவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். 2021-ல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். மலை இறங்கி மேட்டுப்பாளையம் தாண்டினால் பவானிசாகர் முகாம். அந்தக் கோவை நண்பர்கள் இருவரும் நானும் மாதம் ஒரு சனிக்கிழமை முகாம் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பவும் பயோடேட்டா எழுதவும் உட்காருகிறோம். பிஸ்கட் பாக்கெட் கொண்டுபோவதில்லை, லேப்டாப்பும் பிரிண்டரும் மட்டும்தான்.

அங்கே ஒரு பையன், கணினி அறிவியல் படித்தவன், நல்ல மதிப்பெண். பிறந்ததே தமிழ்நாட்டில்தான். ஆனால் 1987 ஜூலை முதல் இங்கே பிறந்தால் மட்டும் குடியுரிமை வராது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அவனுக்காக எங்கள் நிறுவனத்தின் வேலை விண்ணப்பத்தையே திறந்தேன். குடியுரிமை என்ற இடத்தில் இரண்டே தேர்வு: இந்தியர், வெளிநாட்டவர். இரண்டாவதை அழுத்தினால் பாஸ்போர்ட் எண், விசா எண் கேட்கிறது, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரத்தோடு. அவனிடம் இருப்பது ஆதாரும் முகாம் அடையாள அட்டையும். அடுத்த பக்கத்துக்கே போக முடியவில்லை.

போலந்தில் 2022 மார்ச் 12 அன்று வந்த சட்டம் உக்ரைன்காரர்கள் உடனே வேலையில் சேர வழிவிட்டது, எங்கள் கிராகோவ் அலுவலகம் அந்த விண்ணப்பத்தில் இரண்டே வாரத்தில் புது வரி சேர்த்தது. இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை, அது எனக்கும் புரிகிறது. இருந்தாலும் மூன்றாவதாக ஒரு தேர்வு வைத்து, ஆளைக் கூப்பிட்டு விசாரியுங்கள் என்று மனிதவளத் துறைக்கு எழுதினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்து எட்டு மாதம் ஆகிறது. பையன் இப்போதைக்கு அவன் அப்பாவோடு சத்தியமங்கலத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறான்.