மத்தியான வெயிலை ஆர் வாங்குறது?

கேள்வி: எங்கட ஊரில 60 வீடு, ஒரு அரிசி மில், தோட்டக் கிணறும் கனக்க இருக்கு. சங்கமாச் சேந்து சோலரும் பற்றறியும் போட்டு எங்களுக்கெண்டு சின்ன கிரிட் (ஊருக்குள்ளயே கரண்ட் எடுத்துப் பகிருற லைன்) ஒண்டு நடத்தலாமோ எண்டு கதைக்கிறம். உது கட்டுப்படியாகாது, ஸ்மார்ட் மீற்றர் எல்லாம் கொழும்புக்குத்தான் சரி எண்டு கொஞ்சப் பேர் சொல்லீனம். உண்மையோ?
வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: கொழும்புக்குத்தான் எண்டுறது பிழை, எந்த நேரம் எவ்வளவு கரண்ட் பாவிச்சது எண்டு பதியிற அந்த ஸ்மார்ட் மீற்றர் சின்ன கிரிட்டுக்குத்தான் இன்னும் கூடத் தேவை.

நட்டம் வாறது பனலால இல்லை, நேரத்தால. எங்கட வெயிலுக்கு 1 கிலோவாட் பனல் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும், அதில பெரும்பங்கு காலமை 9க்கும் பின்னேரம் 3க்கும் இடையில வந்துடும், ஆனா சனம் லைற்றும் ரீவியும் போடுறது பொழுதுபட்டாப் பிறகு. அப்ப எல்லாத்தையும் பற்றறியில சேமிக்கோணும், பற்றறிதான் விலை கூடின சாமான், சில வருசத்தில மாத்தவும் வேணும். மத்தியானக் கரண்ட் மத்தியானமே வித்துப்போகோணும்.

என்ர மாமா வட்டக்கச்சியில தோட்டம் செய்யிறார். வெயில் தாழத்தான் பாத்திக்குத் தண்ணி விடோணும் எண்டு பின்னேரம் 5 மணிக்கு மோட்டர் போடுவார். பிறகு பெரிய தொட்டி ஒண்டு கட்டினார், இப்ப மத்தியானம் தொட்டி நிரம்பும், பின்னேரம் வாய்க்காலைத் திறந்துவிட்டாச் சரி. 2 குதிரைவலு மோட்டர் 3 மணித்தியாலம் ஓடினா 4.5 யூனிட் கிட்ட, அவ்வளவும் பற்றறியைத் தொடாமலே போகுது பாருங்கோ. ஸ்மார்ட் மீற்றர் இருந்தா மத்தியானத்துக்குக் குறைஞ்ச விலை, இரவுக்குக் கூடின விலை எண்டு வைக்கலாம், அதோட தானா வேலை செய்யிற சுவிச்சும் சேத்தா வெயில் ஏற மோட்டரைத் தானே போட்டு, முகில் மூடத் தானே நிப்பாட்டவும் செய்யலாம். போனுக்கு ரீலோட் போடுற மாதிரி முற்பணம் கட்டுற மீற்றர் எண்டா வீடுவீடாக் காசு கேட்டுச் சண்டைப்படவும் தேவையில்லை, சங்கங்கள் உடையிறதே அதிலதானே.

ஆனா ஒண்டு. எழுவைதீவில சோலர், காத்தாடி, பற்றறி, டீசல் ஜெனறேற்றர் எல்லாம் சேந்த கிரிட் இருக்கு, அங்க மிச்சப்படுத்துறது கடல் தாண்டி வாற டீசலை. உங்களுக்கு மெயின் லைன் வாசலிலயே நிக்குது, அதின்ட விலையோடதான் போட்டி. சப்பிரகமுவ பக்கம் ஊர்ச்சனம் சேந்து நடத்தின சின்ன நீர்மின் திட்டங்கள் கனக்க மெயின் லைன் வந்த கையோட கைவிடப்பட்டது. அதால மெயின் லைனை விட்டுத் தனியப் போகாதேங்கோ, அதோட சேந்து மிச்சத்தை விக்கிற மாதிரிப் போடுங்கோ. 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்கக் கரண்ட் போச்சுதே, அப்பிடி நேரத்தில சாதாரண கூரை சோலரும் நிண்டுடும், மெயின் லைனை விட்டுத் தனியப் பிரிஞ்சு ஓடக்கூடிய இன்வேட்டர் (பனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்திற பெட்டி) தான் வேணும் எண்டு கேட்டு வாங்குங்கோ. கரண்ட் விக்கிறதுக்குப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின்ட அனுமதியும் எடுக்கோணும்.

பனலுக்கு விலை கேக்க முதல் ஒரு கொப்பி வாங்கி ஒரு மாதம் எழுதுங்கோ: எந்தக் கிணத்து மோட்டர் எத்தினை மணிக்கு, மில் எத்தினை மணிக்கு, அதில எதைப் பகலுக்கு மாத்தலாம் எண்டு. அந்தக் கொப்பியை அனுப்பினா நான் பாத்து, எத்தினை கிலோவாட் போடலாம் எண்டு சொல்லுறன்.