முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

கேள்வி: இந்து முறைப்படி திருமணமாகி ஏழு வருடம். கணவரின் குடியும் அடியும் தாங்காமல், நான்கு வயது மகளோடு ஒன்றரை வருடமாக அம்மா வீட்டில் இருக்கிறேன். போன வாரம் அவர் தரப்புப் பெரியவர்கள் வந்தார்கள். ‘இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியமும் இல்லை’ என்று முத்திரைத்தாளில் எழுதியே கொண்டுவந்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டால் நகையில் பாதியைத் தருவார்களாம். “கோர்ட்டுக்குப் போனால் இழுத்தடிப்பார்கள், போட்டுக் கொடுத்துவிடு” என்கிறார் அப்பா. என்ன செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போடாதீர்கள், சகோதரி. அந்தத் தாளால் உங்கள் திருமணம் முறியாது. நோட்டரி முத்திரை குத்தினாலும், ஊரே சாட்சிக் கையெழுத்துப் போட்டாலும் முறியாது. வழக்கப்படி அறுத்துக்கொள்ளும் உரிமை உள்ள சில சமூகங்களை மட்டும் 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. அங்கேயும் அப்படியொரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். மற்றவர்களுக்கு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றே வழி. இந்தத் தாளை நம்பி அவர் இன்னொரு கல்யாணம் செய்தால் அது செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 82-வது பிரிவில் குற்றமும்கூட.

செல்லாத தாள்தானே, போட்டால் என்ன என்று கேட்கலாம். அந்த ‘மனமொத்து’ என்ற வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. பரஸ்பர சம்மதத்தோடு தனித்தனியாக வாழ்கிற மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125). அடி தாங்காமல் வெளியே வந்தவர் நீங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால், ‘அவளே சம்மதித்துத்தான் போனாள்’ என்று அவருடைய வக்கீல் அதே தாளை எடுத்து நீட்டுவார். விவாகரத்துக்கு உதவாத காகிதம் ஜீவனாம்சத்தைத் தடுக்க மட்டும் உதவும். எழுதிக் கொடுத்தவருக்கு இது தெரியாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, நகை. பாதி தருகிறோம் என்பதே வேடிக்கை. பிறந்த வீட்டில் போட்டதும், உங்களுக்கென்று அன்பளிப்பாக வந்ததும் ஸ்ரீதனம். முழுவதும் உங்கள் சொத்து. புகுந்த வீட்டு பீரோவில் இருப்பதால் அது அவர்களுடையது ஆகாது. கல்யாண ஆல்பத்தை எடுத்து, கழுத்திலும் கையிலும் தெரிகிற ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பட்டியல் போடுங்கள். நகைக்கடை ரசீது கிடைத்தால் கூடவே வையுங்கள்.

பிரிவதுதான் முடிவு, அவரும் சம்மதிக்கிறார் என்றால், அதற்கு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு இருக்கிறது. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருந்தால் போதும்; குடும்பநல நீதிமன்றத்தில் இருவரும் சேர்ந்து மனுப் போடலாம். இரண்டாவது முறை போய்ச் சம்மதம் சொல்ல ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றரை வருடப் பிரிவு முடிந்து, சமரச முயற்சியும் தோற்று, ஜீவனாம்சம், பிள்ளை எல்லாம் பேசித் தீர்ந்திருந்தால் அந்த ஆறு மாதத்தையும் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்பா பயப்படுகிற இழுத்தடிப்பு இந்த வழியில் அவ்வளவு இல்லை. நகை, பணம், மகள் பற்றிப் பேசிய எல்லாவற்றையும் மனுவிலேயே எழுதிவிட வேண்டும். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அவர் வர மறுத்தால், கொடுமையைக் காரணம் காட்டி அதே சட்டத்தின் 13-வது பிரிவில் நீங்கள் மட்டும் வழக்குப் போடலாம். அது வாய்தா மேல் வாய்தாவாக நீளும், மறைக்கவில்லை. அதுவரை 24-வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் கேளுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2020-ம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு, இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். ‘எனக்கு வருமானமே இல்லை’ என்று வெறுங்கையை விரிப்பது முன்போல் சுலபமில்லை. வழக்குக்காக அவர் ஊருக்கு அலைய வேண்டாம். அந்தச் சட்டத்தின் 2003 திருத்தத்தின்படி நீங்கள் இப்போது வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே போடலாம்.

மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பயம் இல்லாமல் இருக்காது. ஐந்து வயதுவரை குழந்தை பொதுவாக அம்மாவிடம்தான். அதன் பிறகும் யாருக்கு உரிமை என்பதைவிட, குழந்தைக்கு எது நல்லது என்றுதான் நீதிபதி பார்ப்பார். அவர் மகளைப் பார்க்க வந்தால் உங்கள் வீட்டார் முன்னிலையில் பார்த்துவிட்டுப் போகட்டும். காரணமில்லாமல் மறித்தால் நாளைக்கு அது உங்களுக்கு எதிராகப் பேசப்படும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். திருமணப் பத்திரிகை, ஆதார், மகளின் பிறப்புச் சான்றிதழ், அடிபட்டதற்கு மருத்துவமனைக்குப் போயிருந்தால் அந்தச் சீட்டு, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் கையில் இருக்கட்டும்.

பெரியவர்கள் மறுபடி வந்தால் சண்டை வேண்டாம். “வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்” என்று அந்தத் தாளின் ஒரு பிரதியைக் கேளுங்கள். தர மறுத்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.